நாயின் நிறமும் நடுவரின் நீதியும்

கறுப்பு நாயை வெள்ளை நாயாக்க முயன்ற தெனாலிராமன் கதையை அறியாத தமிழர் அரியர். நாவிதன் ஒருவன் தன்னைப் பிராமணனாக்கும்படி அரசனிடம் வரம் வேண்டினான். புரோகிதர் அவனை ஆற்றில் மூழ்குவித்துச் சடங்குகள் செய்துகொண்டிருந்தனர். அவ்வமயம் தெனாலிராமன் ஒரு கறுப்பு நாயைக் கொணர்ந்து அதே ஆற்றில் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டினான். இது எங்ஙனம் வெள்ளையாகும் என்று அரசன் வினவ, நாவிதன் பிராமணனாகும்போது இது ஏன் ஆகாது என்று அவன் விடையிறுத்தான். கேட்டவர் நகைத்தனர், இன்றும் நகைக்கின்றனர். அந்நகைப்பின் அடியில் ஒரு தீர்ப்பு மறைந்து கிடப்பதை எண்ணிப் பார்த்தவர் சிலரே. வெள்ளை உயர்வு, கறுப்புத் தாழ்வு என்பதை அக்கதை நிலைநாட்டவில்லை. எல்லோரும் ஒப்புக்கொண்ட பொருளாக வைத்துக்கொண்டே தொடங்குகிறது. கறுப்பு நாய்க்கு வெள்ளையாக வேண்டிய அவசியம் என்ன வந்தது என்று அரசனும் கேட்கவில்லை. கதை கேட்ட நாமும் கேட்கவில்லை.

அக்கேள்வியைக் கேட்பதற்குப் பொருத்தமான இடம் ஒன்று உண்டு. அஃது மேல்நாடுகளில் நடைபெறும் நாய்க் கண்காட்சி. அங்கே நாயின் நிறம் பரிசுக்கும் இழிவுக்கும் காரணமாகிறது. அவ்வாறு ஆவது நியாயமா, அன்றா? சிறிய விஷயம் என்று நேயர்கள் இதனைத் தள்ளிவிட வேண்டாம். உயர்ந்த வகை நாயை நம் பேச்சு வழக்கில் 'ஜாதி நாய்' என்றே அழைக்கிறோம். அச்சொல் ஒன்றே இவ்விசாரணை நமக்கு அந்நியமன்று என்பதைக் காட்டும்.

முதற்கண் கண்காட்சியின் முறையைத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும். ஒழுங்குபட நடத்தப்பெற்ற முதல் நாய்க் கண்காட்சி 1859-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாஸில் நகரில் நடைபெற்றது. பாயின்டர், செட்டர் என்னும் இரு வேட்டை நாய் வகைகளே அதில் கலந்துகொண்டன. 1873-இல் லண்டனில் கென்னல் கிளப் என்னும் சங்கம் தோன்றியது. அமெரிக்காவில் வெஸ்ட்மின்ஸ்டர் கண்காட்சி 1877-இலும், அமெரிக்கன் கென்னல் கிளப் 1884-இலும் தொடங்கின. புகழ்பெற்ற கிரஃப்ட்ஸ் கண்காட்சி 1891-இல் ஆரம்பமாயிற்று. இச்சங்கங்கள் ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் இலக்கணம் வகுத்து எழுதி வைத்துள்ளன. தலை இப்படி, தோள் இப்படி, கால் இப்படி, நடை இப்படி, நிறம் இப்படி என்று அதில் விதிக்கப்பட்டிருக்கும். நடுவர் பல்லைப் பார்ப்பார். எலும்பைத் தடவிப் பார்ப்பார். நாயை நடக்கவும் ஓடவும் செய்வார். அவ்விலக்கணத்துக்கு எந்த நாய் மிகவும் நெருங்கி நிற்கிறதோ அதற்கே பரிசு. ஆகவே நாயை நாயோடு ஒப்பிடுவதினும், நாயை எழுத்தோடு ஒப்பிடுவதே நடுவரின் தொழில் எனலாம்.

இதிலிருந்து ஒரு வாதம் பிறக்கும். நிறம் இலக்கணத்தில் எழுதப்பட்டிருக்கும்போது நடுவர் அதனைக் கருதுவதில் அநீதி எங்கே என்று சிலர் கேட்பர். இவ்வாதத்தில் வலிமை உண்டு. எழுதிய விதிப்படி தீர்ப்புக் கூறுகிறவரைப் பட்சபாதி என்று பழிப்பது தகாது. புள்ளியில்லாத நாயை டால்மேஷியன் என்று கொணர்ந்து நிறுத்திப் பரிசு வேண்டுபவர், சதுரங்கத்தில் குதிரையை நேர்க்கோட்டில் நகர்த்திவிட்டு வெற்றி கோருபவரையே ஒப்பர். ஆனால் நடுவர் குற்றமற்றவர் என்று விடுதலை பெற்றுவிட்டால் வழக்கு முடிந்துவிடுவதில்லை. அவர் கையிலுள்ள விதியே கூண்டில் ஏறுகிறது. சட்டப்படி நடந்தது என்பதாலேயே ஒரு காரியம் தருமமாகிவிடாது என்பதை நம் சமூகம் பட்டறிந்திருக்கிறது. ஆலய வாயிலில் மக்களைத் தடுத்து நிறுத்தியவர்களும் எழுதிவைத்த விதியையே கையில் பிடித்திருந்தனர் அன்றோ?

ஆதலின் நிறத்தைப் பற்றிய விதிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதன் காரணத்தைக் கேட்போம்.

காரணமுள்ள விதி

நிறம் சில வேளைகளில் நோயின் அறிகுறியாகும். மெர்ல் என்று வழங்கும் மேகத்திட்டு நிறமுடைய நாய்கள் சில இனங்களில் உண்டு. அத்தகைய இரு நாய்களை இணைத்தால், சராசரியாக நான்கு குட்டிகளில் ஒன்று அந்நிறத்தின் கூறினைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெறும். அவ்வாறு இரட்டைப் பங்கு பெற்ற குட்டி பெரும்பாலும் வெளுத்திருக்கும். செவிடோ குருடோ ஆகும் அபாயம் அதற்கு மிகுதி. நிறத்துக்கும் செவிக்கும் என்ன சம்பந்தம் என்று வியப்புறலாம். உரோமத்துக்கு வண்ணமூட்டும் நிற அணுக்கள் உட்செவியிலும் இருந்து அதன் இயக்கத்துக்குத் துணை செய்கின்றன. அவை அங்கே இல்லாதொழியின், பிறந்த சில வாரங்களுக்குள் ஒலியை உணரும் நுண்ணிய அணுக்கள் மடிந்துபோகின்றன. இத்தகைய வெண்மையை வரவேற்காத விதிக்குக் காரணம் உண்டு. அது நாயின் நலத்தைக் கருதியது; அதனை நாம் ஏற்கிறோம்.

காரணம் தேடும் விதி

இனி ஜெர்மன் ஷெப்பர்டைக் காண்போம். 1899-ஆம் ஆண்டில் மாக்ஸ் வான் ஸ்டெஃபானிட்ஸ் என்பார் அவ்வினத்துக்கெனச் சங்கம் நிறுவி, ஹொராண்ட் என்னும் நாயை முதலாவதாகப் பதிவு செய்தார். அந்த ஹொராண்டின் தாய்வழிப் பாட்டனாகிய கிரெய்ஃப் வெள்ளை நாய். ஆகவே வெண்மை அவ்வினத்துக்கு வெளியிலிருந்து வந்து புகுந்ததன்று. அதன் குலமுதல்வனின் இரத்தத்திலேயே இருந்தது. இருந்தும் 1933-இல் ஜெர்மனியில் வெள்ளை நிறம் தகுதியற்றதென விலக்கப்பட்டது. 1968-இல் அமெரிக்கன் கென்னல் கிளப்பும் அவ்வாறே கண்காட்சி அரங்கிலிருந்து அதனை விலக்கியது. இவ்வினத்தின் வெண்மை முன்னர்க் கூறிய செவிட்டு வெண்மையன்று. நிற அணுக்கள் உடலில் உள்ளன. மூக்கும் இமையோரமும் கறுத்தே இருக்கும். உரோமம் மட்டும் கருநிறம் கொள்ளாது.

விலக்குக்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்றைக் கேளுங்கள். வெள்ளை நாய் ஆட்டு மந்தைக்குள் கலந்துவிடும். மேய்ப்பனுக்கு ஆடு எது, நாய் எது என்று தெரியாதாம். நன்று. ஆனால் ஹங்கேரியின் குவாஸ், இத்தாலியின் மாரெம்மா, பிரான்ஸின் பிரனீஸ் மலைநாய் முதலான மந்தைக்காவல் நாய்கள் வெள்ளையாகவே போற்றி வளர்க்கப்படுகின்றன. அவற்றுக்குச் சொல்லப்படும் காரணம் யாதெனில், இருளில் ஓநாயினின்றும் நாயை மேய்ப்பன் பிரித்தறிய வெண்மை உதவும் என்பது. ஒன்று மந்தையை ஓட்டும் நாய், மற்றது மந்தையைக் காக்கும் நாய் என்று வேறுபாடு கூறலாம். கூறினும், பெரும்பாலான ஷெப்பர்டுகள் மந்தையைக் கண்ணாலும் காணாமல் போலீஸ் பணியிலும் வீட்டுக் காவலிலும் இருந்த காலத்திலும் அவ்விலக்கு நீடித்தது எதனால்? தீர்ப்பு முன்னே எழுதப்பட்டது. காரணம் பின்னே தேடப்பட்டது. இத்தகைய தீர்ப்புகளை நாம் நாய்களிடத்து மட்டுமா கண்டிருக்கிறோம்?

விலக்கப்பட்ட வெள்ளை நாய்களை விரும்பியவர்கள் சோர்ந்துவிடவில்லை. 1991-இல் சுவிட்சர்லாந்து அவற்றைத் தனி இனமாக ஏற்றது. உலக நாய்ச் சங்கங்களின் கூட்டமைப்பு 2003-இல் தற்காலிகமாகவும் 2011-இல் முழுமையாகவும் அங்கீகரித்தது. ஒரே பாட்டனின் வழிவந்த நாய்கள் நிறத்தால் இரு ஜாதிகளாயின. இதனைத் தீர்வு என்போரும் உளர். வெளியேற்றப்பட்டவனுக்கு வேறு தெருவில் வீடு கொடுத்த கதை என்போரும் உளர். இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கிறது.

நலத்துக்கு மாறான விதி

காரணமில்லாத விதியினும் கொடியது, காரணத்துக்கு நேர்மாறாக நிற்கும் விதி. டால்மேஷியன் குட்டி பிறக்கும்போது புள்ளியின்றி வெள்ளையாகவே பிறக்கும். புள்ளிகள் பின்னரே தோன்றும். சில குட்டிகள் மட்டும் செவியிலோ முகத்திலோ பெரிய கருந்திட்டு ஒன்றுடன் பிறக்கும். பிறவித் திட்டுடைய நாய் அமெரிக்க இலக்கணப்படி அரங்கில் தகுதியற்றது. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஸ்ட்ரெயின் என்னும் ஆராய்ச்சியாளர் ஆயிரக்கணக்கான நாய்களின் செவிப்புலனைச் சோதித்த விவரங்களைத் தொகுத்தார். அமெரிக்க டால்மேஷியன்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 22 ஒரு செவியிலும், 8 இரு செவிகளிலும் கேளாதவை என்று கண்டார். திட்டுடன் பிறந்தவற்றில் இக்குறை குறைவு என்பதும் அவ்வாராய்ச்சியால் விளங்கிற்று. திட்டு என்பது நிற அணுக்கள் ஓரளவு மிகுந்திருப்பதன் அடையாளம். அவ்வணுக்கள் செவியையும் எட்டியிருக்க இடமுண்டு.

அஃதாவது, கேட்கும் செவியுடன் பிறக்க அதிக வாய்ப்புள்ள குட்டியை விதி வாயிலில் நிறுத்திவிட்டு, வாய்ப்புக் குறைந்ததை உள்ளே அழைக்கிறது. இதில் நடுவர் நேர்மையாளரா என்ற கேள்விக்கு இடமே இல்லை. அவர் எத்துணை நேர்மையாக நடக்கிறாரோ அத்துணைக்கு அவ்விதியின் தீமை பெருகும்.

தான் விதைத்ததைத் தானே வெறுத்தல்

இவை எல்லாவற்றினும் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது பாக்ஸர் நாயின் வரலாறு. மான் நிறமோ புலிவரி நிறமோ உடையதாக அந்நாய் இருத்தல் வேண்டும், வெண்குறிகள் இருக்கலாம், ஆனால் வெண்மை உடலில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அமெரிக்க விதிப்படி அது தகுதியிழக்கும். இதுவே எழுதிய விதி. எழுதாத விருப்பம் ஒன்றும் அதனருகே நெடுங்காலம் குடியிருந்து வருகிறது. முகத்தில் ஒரு வெண்கீற்று, மார்பில் வெண்மை, நான்கு பாதங்களிலும் வெள்ளைச் சப்பாத்து அணிந்தாற்போன்ற தோற்றம்: இவை அமைந்த நாய் அரங்கில் பளிச்சென்று கண்ணைக் கவரும். ஆகவே பரிசை நாடும் வளர்ப்போர் இத்தகைய நாய்களையே இணைத்தனர்.

இப்போது பாரம்பரிய விதி என்ன செய்கிறது என்று பாருங்கள். பளிச்சென்ற பாக்ஸர் என்பது வெண்மைக் கூறு ஒன்றும் முழுநிறக் கூறு ஒன்றும் உடையது. அத்தகைய இரண்டு சேர்ந்தால், சராசரியாக நான்கு குட்டிகளில் ஒன்று முழுநிறம். இரண்டு பெற்றோரைப்போல் பளிச்சென்றவை. எஞ்சிய ஒன்று ஏறக்குறைய முழுவெள்ளை. முதல் ஒன்று அரங்கில் மங்கித் தோன்றும், நடுவிரண்டு பரிசுக்குரியவை, கடைசி ஒன்று விதிக்குப் புறம்பு. அந்த வெள்ளைக் குட்டி தற்செயலாகப் பிறந்ததன்று. பரிசு பெறும் தோற்றத்தை உண்டாக்கும் அதே முயற்சியின் தவிர்க்க முடியாத விளைவே அது. அரங்கு எதனை விரும்பிற்றோ, அதன் நிழலாக, அரங்கு வெறுப்பது பிறந்தது.

அக்குட்டிகளை என் செய்தனர்? பல நாடுகளில் நெடுங்காலம் அவற்றைப் பிறந்தவுடன் கொன்றுவிடும் வழக்கம் இருந்தது. அவற்றுள் ஒரு பகுதி செவிடாகலாம் என்பதே சமாதானம். ஒரு பகுதி செவிடாவது மெய். பெரும்பகுதிக்குக் காது நன்றாகவே கேட்கும் என்பதும் மெய். செவிட்டுக் குட்டியைக்கூடக் கையசைவால் பழக்கி வளர்ப்போர் இன்று பலர் உளர். கொலை வழக்கம் பிற்காலத்தில் பெரிதும் தளர்ந்தது என்பது ஆறுதல். ஆயினும் பழியின் கணக்கை நேர்செய்ய வேண்டும். ரிப்பனை இழந்த உரிமையாளருக்கு நேர்ந்தது ஏமாற்றம். அடுத்த ஆண்டு அவர் வேறு நாயுடன் வரலாம். போட்டியில் சேரவே சேராத குட்டிக்கு நேர்ந்தது மரணம். நிறத்தால் விளையும் அநீதி அரங்கத்தின் நடுவில் இருக்கிறது என்று எண்ணித் தேடுகிறோம்; அது வீட்டின் பின்புறத்தில், பிரசவித்த தாய் நாயின் அருகில் நிகழ்ந்து முடிந்துவிட்டது.

நடுவரின் கண்

இனி எழுதாத விருப்பத்தைப் பற்றி ஒரு சொல். விதி இரு நிறங்களையும் சமமாக ஏற்கும் இடத்திலும் கண் சமமாக ஏற்பதில்லை. கறுத்த உடலில் தசையின் மேடுபள்ளம் எளிதில் தோன்றாது. கால்களில் உள்ள வெண்மை ஒழுங்காக இல்லாவிடின் நேரான நடையும் கோணலாகத் தோன்றும். நடுவர் வேண்டுமென்றே வஞ்சிக்கிறார் என்று கூறவேண்டுவதில்லை. மனிதக் கண்ணின் இயல்பே அது. நிறத்தைச் செயற்கையாக மாற்றிய நாயை விலக்கும் விதியைச் சங்கங்கள் வைத்திருக்கின்றன. மைபூசினால் பயன் உண்டென்று எவரும் நம்பாவிடின் மைபூசுவதைத் தடுக்கும் விதிக்குத் தேவை ஏது?

இக்குறையை அமெரிக்கர் ஒருவாறு உணர்ந்தே இருந்தனர் போலும். காக்கர் ஸ்பானியலை நிறத்தால் மூன்று பிரிவுகளாக்கித் தனித்தனியே தேர்ந்தெடுத்தனர். புல் டெரியரில் வெள்ளை ஒரு பிரிவு, நிறமுள்ளது மற்றொரு பிரிவு. பர்மிங்ஹாம் நகர ஹிங்க்ஸ் என்பார் 1860-களில் வெள்ளையாக உருவாக்கிப் புகழ்பெறச் செய்த இனம் அது. நிறமுள்ளவற்றுக்கு 1936-இல்தான் அமெரிக்காவில் தனிப்பிரிவு கிடைத்தது. வெஸ்ட்மின்ஸ்டரின் தலையாய பரிசை வெள்ளை புல் டெரியர் 1918-இல் பெற்றது. நிறமுள்ள புல் டெரியர் ஒன்று அப்பரிசைப் பெற்றது 2006-இல். இடைக்காலம் முழுமைக்கும் நிறவெறுப்பே காரணம் என்று நாம் சாதிக்க வரவில்லை. வாயில் திறக்கப்பட்டபின்னரே உள்ளே இருப்பவரின் தகுதி வெளிப்பட முடியும் என்பதே நாம் கொள்ளத்தக்கது.

விதிகள் திருத்தத்துக்கு அப்பாற்பட்டவையல்ல என்பதற்கும் சான்று உண்டு. கிரேட் டேன் இனத்தில் வெண்மேனியில் கருந்திட்டுகள் கிழிந்தாற்போல் சிதறிய ஹார்லிக்வின் நிறம் மிகவும் போற்றப்படுவது. மெர்ல் கூறு இல்லாமல் அந்நிறம் உண்டாகவே உண்டாகாது. ஆகவே ஹார்லிக்வின் ஈற்றில் மெர்ல் குட்டிகளும் பிறந்தே தீரும். அங்ஙனமிருந்தும் அண்ணனுக்குப் பரிசும் தம்பிக்கு விலக்குமாக அமெரிக்க விதி நெடுநாள் இருந்தது. 2019-ஆம் ஆண்டு முதல் மெர்ல் நிறமும் அங்கே ஏற்கப்பட்டது. இனம் அழிந்துவிடவில்லை, இலக்கணமும் சரிந்துவிடவில்லை.

நமக்கு ஆவது என்ன?

நாய்க்கு ரிப்பனும் தெரியாது, இழிவும் தெரியாது; செல்வர்களின் பொழுதுபோக்கைப் பற்றி நமக்கேன் இவ்வளவு கவலை என்று ஒருவர் கேட்கலாம். நாய்க்கு ரிப்பன் தெரியாது என்பது உண்மை. ஆனால் கேளாச்செவி தெரியும், உயிர்வலி தெரியும். மேலும் இது செல்வர்களோடு நிற்பதன்று. நம் தாய்நாட்டு இராஜபாளையம் நாயை எண்ணுக. 2005-இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்த நான்கு நாட்டு நாய் வகைகளுள் அதுவும் ஒன்று. பால்வெண்மையும் இளஞ்சிவப்பு மூக்குமே அதற்கு அழகென்று விரும்பப்படுகின்றன. அவ்வினத்திலும் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது வளர்ப்போர் அறிந்த செய்தியே. வெண்மையைக் கேட்டு வாங்குகிறவர், காது கேட்கிறதா என்பதையும் கேட்டு வாங்குவாராயின் அவ்வினத்துக்கு நன்மையுண்டாகும். லயத்து வாசலில் நாய் வளர்த்த நம் தோட்டத்து முன்னோர் அந்நியன் வந்தால் குரைக்கிறதா, குழந்தையிடம் சாதுவாக இருக்கிறதா என்றுதான் பார்த்தனர். இலக்கணம் அறியாத அவர்கள் பரீட்சையில் பொருள் இருந்தது.

நாய்க்கு இனம் வகுத்தவன் மனிதன். அதற்கு நிறம் குறித்தவனும் மனிதன். மனிதனுக்கு அவ்வாறு இலக்கணம் எழுத எவருக்கும் உரிமை இல்லை. ஆகவே இரண்டையும் ஒன்றென்று நாம் கூறவில்லை. ஆனால் பார்க்கும் கண் ஒன்றே. பெண் பார்க்கச் செல்லும் வீட்டில் கல்வியையும் குணத்தையும் விசாரிக்கும் முன்னர் நிறத்தை அளந்துவிடும் கண்ணும், 'சிவந்த நிறமுள்ள மணமகள் தேவை' என்று விளம்பரம் எழுதும் கையும், அரங்கத்தில் வெண்கீற்றைத் தேடும் கண்ணுக்கு உறவினவே. அங்கேயும் எழுதாத விருப்பம்தான் ஆட்சி செய்கிறது. அங்கேயும் காரணம் கேட்டால் பின்னர்த்தான் தேடுகிறார்கள். அங்கேயும் துன்பம் போட்டியில் தானாக வந்து நிற்காத ஒருத்தியின் தலையில் விழுகிறது.

ஆதலின் நிறத்தைக் கொண்டு தீர்ப்புக் கூறும் எவ்விதியையும் மூன்று கேள்விகளால் சோதித்தல் வேண்டும். இவ்விதிக்குக் காரணம் என்ன? அக்காரணம் இதே நிறமுள்ள பிறவற்றுக்கும் செல்லுமா? இவ்விதியால் துன்புறுவது யார்? முதற்கேள்விக்கு விடையுள்ள விதி நிற்கட்டும். இரண்டாவதில் தடுமாறும் விதி வெறும் வழக்கம் என்று வெளிப்படையாகச் சொல்லப்படட்டும். விளையாட்டுக்கு விதி வேண்டுமாதலின் தீங்கற்ற வழக்கங்கள் இருப்பதில் குற்றமில்லை. மூன்றாவது கேள்விக்கு, குற்றமறியாத ஓர் உயிர் என்பது விடையாக வருமாயின், அவ்விதி எத்துணைப் பழையதாயினும், எத்துணைப் பெரிய சங்கத்தின் முத்திரை பெற்றதாயினும், திருத்தப்பட வேண்டும். திருத்தும் பொறுப்பு நடுவரிடத்து மட்டும் இல்லை. வெள்ளைச் சப்பாத்துக்குக் கைதட்டும் கூட்டத்துக்கும், அதற்கு விலை கொடுக்கும் வாங்குவோனுக்கும் அதில் பங்குண்டு. நால்வரில் ஒருவராகப் பிறக்கும் அந்த வெள்ளைக் குட்டியின் கணக்கில், கைதட்டிய ஒவ்வொருவர் பெயரும் எழுதப்பட்டிருக்கிறது.